ஓட்டை இல்லாத இடத்துக்கு ஒட்டு

பஞ்சர்காரருக்கு மனிதர்கள் இரண்டு வகை: ஓட்டையை ஒப்புக்கொள்கிறவர்கள், ஒப்புக்கொள்ளாதவர்கள். இரண்டாவது வகைதான் எப்போதும் அதிகம். காற்று இறங்கிய சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வருகிற எவரும், நான் ஒன்றுமே செய்யவில்லை, நிறுத்தித்தான் வைத்திருந்தேன், தானாக இறங்கிவிட்டது என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் ட்யூபை உருவிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவரும் அதே வாக்கியத்தைச் சொல்வார்: "தானா ஓட்டை விழாது. என்ன பண்ணீங்க?"

ஒட்டி முடித்துக் கொடுக்கும்போது இன்னொரு வாக்கியம் உண்டு. இது நிற்குமா என்று கேட்காமல் போன வாடிக்கையாளர் இதுவரை பிறக்கவில்லை. "ஒட்டின இடத்துக்கு நான் பொறுப்பு. பக்கத்துல விழுந்தா நான் பொறுப்பில்ல" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு காலம் கடை நடத்திவிட்டார் என்பதை நினைத்தால், மற்றவர்களெல்லாம் எதற்கு இத்தனை பேசுகிறார்கள் என்று தோன்றும்.

ஆறு நாள் கடை, ஏழாவது நாள் ஆறு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தன் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார். மச்சான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வாரம் முழுக்க ஐம்பது குழந்தைகளின் கூச்சலைக் கேட்பவருக்கு, பேசாத ஜீவன் மீன் ஒன்றுதான். இருவரும் ஆற்றுக்குள் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூண்டில் போடுவார்கள். அதற்கென்று ஒரு உடுப்பு இருக்கிறது. காலில் ஆரம்பித்து நெஞ்சு வரை ஒரே துண்டாக வரும், தோளில் பட்டி போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும், தண்ணீர் உள்ளே வராது. கடைக்காரர்கள் அதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதற்குப் பெயர் ஆற்றுப் பேன்ட்.

பஞ்சர்காரரின் ஆற்றுப் பேன்ட் தடித்த பச்சை ரப்பரில் ஆனது. அதில் பத்தொன்பது ஒட்டுகள் இருந்தன. இது முள்வேலி, இது உடைந்த புட்டி, இது மச்சானுடைய தூண்டில் முள் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் வரலாறு சொல்வார். காய்ந்திருக்கும்போதே அதைக் கொடியில் போட இரண்டு ஆள் வேண்டும். நனைந்துவிட்டால் கொடியே கீழே வந்துவிடும். டாக்டர் அவருடைய வலது முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கனமான எதையும் காலில் கட்டிக்கொண்டு நடக்காதீர்கள் என்று சொன்னதற்கு, ரப்பர் கனமாக இருந்தால்தான் உழைக்கும் என்று டாக்டருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தவர் அவர்.

போன குளிர்காலத்தில் இருபதாவது ஓட்டை விழுந்தது, நட்டாற்றில். தண்ணீர் உள்ளே நிரம்பி, காலை எடுத்து வைக்க முடியாமல் மரம் போல நின்றுவிட்டார். மச்சான் அவரைக் கரைக்கு இழுத்து வருவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. அன்று பிடித்த சளி நுரையீரலுக்குப் போய், பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பதினொரு நாளும் அவர் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த அன்றைக்கே அந்தப் பச்சை ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். பஞ்சர்காரர் அதில் ஒரு துண்டை மட்டும் ரகசியமாக எடுத்து வைத்துக்கொண்டார், நல்ல ரப்பர்.

மனைவி கூடாரம் தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறவர். மழைத் துணி, தார்ப்பாய், கூடாரம் எல்லாம் அவர் கைக்கு அத்துப்படி. இந்த வருஷம் மீன் பருவம் தொடங்கியதும், புருஷன் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்ப்பதைப் பார்த்தார். ஆற்றுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. ஒரு சட்டம் போட்டார்.

"கனமில்லாததா, சீக்கிரம் கிழியாததா புதுசு ஒண்ணு வாங்குங்க. ஒவ்வொரு வாரமும் நீங்க திரும்பி வந்ததும் சாக்ஸைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரம் இருந்தா அன்னியோட ஆறு முடிஞ்சுது."

பஞ்சர்காரர் உடனே தலையாட்டினார். குணமாகி வீட்டில் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்கு நினைவிருந்தன. கை அரித்துக்கொண்டே இருக்கும். ஆடாத நாற்காலிக்கு ஆணி அடித்தார். சொட்டாத குழாயை இறுக்கிச் சொட்ட வைத்தார். ஆறு இல்லாமல் இன்னொரு வருஷம் என்றால் வீடு தாங்காது என்று அவருக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மச்சானோடு மீன்பிடிச் சாமான் கடைக்குப் போனார். விற்பனைப் பெண் பொறுமைசாலி. பாவம், அதற்கு எல்லை இருக்கிறதென்று அன்றுதான் அவளுக்கும் தெரியவந்தது. அவள் எடுத்துக் கொடுத்த முதல் உடுப்பைப் பஞ்சர்காரர் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். இதன் எடையெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார். இப்போதெல்லாம் இப்படித்தான் சார், மூன்று அடுக்குத் துணி, எடை இருக்காது, உழைக்கும், உள்ளே இருக்கிற வியர்வை ஆவியாகி வெளியே போய்விடும், தண்ணீர் மட்டும் உள்ளே வராது என்றாள் அவள்.

"வெளிய போக வழி இருந்தா, உள்ள வரவும் வழி இருக்குமில்ல? எனக்குத் தெரிஞ்சு ஓட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்ததில்ல."

அவள் படம் போட்ட அட்டையைக் காட்டி விளக்கினாள். அவர் அட்டையைப் பார்க்காமல் துணியை நகத்தால் சுரண்டினார். பிறகு காலோடு ஷூ இல்லையே என்று கண்டுபிடித்தார். பாதத்துக்கு வெறும் தடித்த உறைதான் இருந்தது. ஷூவைத் தனியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும், அதனால்தான் எடை குறைகிறது, ஷூ தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம் என்று அவள் சொன்னதை, காலில்லாத மேசையை விற்கிற ஆளைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டார்.

அவள் இரண்டாவதாகக் காட்டிய சாம்பல் நிற உடுப்பைப் போட்டுப் பார்த்தார். குந்தினார், எழுந்தார். முட்டி போட்டுக்கொண்டு தூண்டில் கம்புகளுக்கும் தொப்பிகளுக்கும் நடுவில் கடையை ஒரு சுற்று வந்தார். மச்சான் முன்னெச்சரிக்கையாக வேறு பக்கம் போய், யாரோ போல் நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஒரு வாடிக்கையாளர், முழு உடுப்பில் நின்ற பஞ்சர்காரரைக் கடை ஆள் என்று நினைத்து, எது நல்லதென்று கேட்டுவிட்டார். கேட்டதுதான் தாமதம், பஞ்சர்காரர் ரப்பரின் பெருமையைப் பத்து நிமிஷம் எடுத்துச் சொன்னார். வந்தவர் எதுவும் வாங்காமல், சிந்தனையோடு வெளியே போனார். விற்பனைப் பெண்ணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

கடைசியில் அவர் உடுப்பின் மேல்பக்கத்தைச் சுருட்டி இறுக்கிப் பிடித்து, வாயை வைத்து ஊதத் தொடங்கினார். காற்று நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இதைப் பார்த்ததும் மச்சான் பழைய உறவுக்குத் திரும்பி வந்து, அக்காவுக்குப் போன் போட்டு, அதை விற்பனைப் பெண்ணின் கையில் கொடுத்தார். இரண்டு பெண்களும் பேசியது மூன்று நிமிஷம்கூட இருக்காது. மனைவி துணியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கூடாரம் கிழிவது துணியில் இல்லை, தையலில்தான் என்பது அவர் கட்சி. தொடையும் தொடையும் உரசும் இடத்தில் தையல் வருகிறதா, இல்லை, முன்பக்கம் தள்ளி வருகிறதா, உள்ளே தையல் மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா, அது எத்தனை விரல் அகலம், முட்டியில் துணி இரட்டையா, இடுப்பில் பெல்ட் உண்டா என்று கேட்டார். பெண் உடுப்பைப் புரட்டிப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது. போன் பஞ்சர்காரர் கைக்குத் திரும்பி வந்தபோது தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"ரெண்டாவதா காட்டினாங்களாமே, சாம்பல் கலர், அதையே வாங்கிட்டு வாங்க" என்றார் மனைவி.

வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் மனது ஆறவில்லை. ஒட்டு, ஓட்டை, தண்ணீர், காற்று இவற்றிலேயே ஊறிய ஒரு மனிதர், தன் சொந்த உடுப்பைப் போனில் பிறர் தேர்ந்தெடுக்க நின்றது கொஞ்சம் மானக்கேடுதான். உடுப்பின் உள்பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. சுண்டுவிரல் அளவு பசை, கண்ணாடித் தாள் மாதிரி நாலு துண்டு. கிழிந்தால் ஒட்டிக்கொள்வதற்காம். அதைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கே ஒட்டு கொடுத்து அனுப்புகிறார்களா என்று சொல்லி, குப்பைக் கூடையில் எறிந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். உடுப்பைச் சும்மா பார்ப்பதற்காகக் கூடவே எடுத்துவந்து மேசையில் விரித்து வைத்திருந்தார். பார்க்கப் பார்க்க, முட்டிதான் முதலில் போகும் என்று தோன்றியது. பிறகு உட்காரும் இடம். ஓட்டை விழுந்தபின் ஒட்டுவது எல்லோரும் செய்வது. விழுவதற்கு முன்னாலேயே ஒட்டிவிட்டால்? ஓட்டை வந்து பார்த்து, இடம் பிடித்துவிட்டார்கள் என்று திரும்பிப் போய்விடாதா? அவருக்கே தன் மூளையை நினைத்து உச்சி குளிர்ந்தது.

பத்திரப்படுத்தி வைத்திருந்த பச்சை ரப்பர் துண்டை எடுத்து மூன்றாக வெட்டினார். ஒட்டு பிடிக்க வேண்டுமானால் முதலில் அரத்தால் சுரண்ட வேண்டும். இது தொழிலின் அரிச்சுவடி. ட்யூபைச் சுரண்டுவது போலவே, முட்டி இரண்டையும் பின்பக்கத்தையும் கண்ணும் கருத்துமாகச் சுரண்டினார். சொல்யூஷன் தடவி, ஊதி, காயவிட்டு, ஒட்டி, சுத்தியால் தட்டினார். ஓரம் தூக்காமல், சுருக்கம் விழாமல், அவர் வாழ்நாளில் போட்ட ஒட்டுகளிலேயே அழகானவை அவை. எந்த ஒட்டையும் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் அவர் விட்டதில்லை. இதை மட்டும் பார்க்கவில்லை. ஓட்டை இருந்த பொருளுக்குத்தானே சோதனை? இதில்தான் ஓட்டையே இல்லையே.

ஞாயிறு காலை உடுப்பை ஒட்டு தெரியாதபடி மடித்துக் காரில் வைத்தார். ஆற்றங்கரையில் அவர் போட்டுக்கொண்டபோதுதான் மச்சான் பார்த்தார்.

"என்ன அத்தான் இது, முட்டியில?"

"பாதுகாப்பு" என்றார் பஞ்சர்காரர்.

தண்ணீரில் இறங்கி நடந்தார். கால் தூக்கினால் தூக்கிக்கொண்டு வந்தது. முட்டி வாயைத் திறக்கவில்லை. உடுப்பு போட்டிருக்கிற நினைவே இல்லை. தன் சொந்தக் காலைப் பல வருஷம் கழித்துச் சந்தித்ததுபோல் இருந்தது. நாலு வருஷமாகத் தூரத்திலிருந்தே ஏக்கத்தோடு பார்த்துவந்த நடு ஆற்றுப் பாறைக்கு நடந்தே போய்விட்டார். அங்கே நின்று மச்சானைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து மச்சான் பார்த்ததில்லை.

கையை ஆட்டி முடிப்பதற்குள் வலது முட்டியில் ஊசி குத்தியது போல் ஒரு குளிர்ச்சி. வியர்வை என்று முடிவு செய்தார். கொஞ்ச நேரத்தில் இடது முட்டியிலும் வியர்த்தது. பிறகு பின்பக்கத்தில், இந்தக் குளிருக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு வியர்த்தது. பனிக்கட்டி மாதிரி வியர்வை உண்டா என்று ஒரு சந்தேகம் வந்தது. அதை ஒதுக்கினார். தூண்டிலை ஏதோ இழுத்தது. அதையும் கவனிக்கவில்லை. தண்ணீர் கணுக்காலில் இறங்கி, பாத உறைக்குள் சேர்ந்து, விரல்களுக்கு நடுவில் சளக் சளக்கென்றபோதுதான், தான் இரண்டாவது வகை மனிதராக ஆகிவிட்டது அவருக்கு உறைத்தது.

கரைக்கு வந்து சாக்ஸைப் பிழிந்தார். ஒரு டம்ளர் தேறும். மச்சான் அதைப் பார்த்தார், அத்தானின் முகத்தைப் பார்த்தார். பள்ளிப் பேருந்தில் எல்லா அழுமூஞ்சிகளையும் பார்த்தவர்தான். ஆனால் இது வேறு தினுசாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் தன் காய்ந்த சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தார். காரில் கிடந்த தன் பழைய கால்சட்டையையும் கொடுத்தார். மச்சான் குள்ளம். கால்சட்டை பஞ்சர்காரரின் கெண்டைக்காலோடு நின்றுகொண்டது.

"அக்கா சாக்ஸை மட்டுந்தான் தொட்டுப் பாக்கும். நீங்க பேசாம இருங்க" என்றார் மச்சான். பிறகு வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு காரை ஓட்டினார். வழி முழுக்க இருவரும் பேசவில்லை. மீன் எதுவும் இல்லாததால் அதுவும் பேசவில்லை.

மனைவி கதவைத் திறந்தார். தையல் மெஷின்மேல் ஒரு துணி பாதியில் கிடந்தது. கால்சட்டையின் உயரத்தையெல்லாம் அவர் கவனிக்கவே இல்லை. நேரே கீழே உட்கார்ந்து, புருஷனின் இரண்டு பாதத்தையும் கையால் பிடித்துப் பார்த்தார். விரல், உள்ளங்கால், குதிகால். காய்ந்திருந்தது. பாதத்தை விடாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"காலையிலேருந்து ஊசியில நூல் கோர்க்க முடியல" என்றார். "கை நடுங்கிட்டே இருந்துச்சு. இப்பதான் நின்னுச்சு."

தொழிலில் இருபது வருஷமானவர். கண்ணை மூடிக்கொண்டு நூல் கோர்க்கிறவர். பஞ்சர்காரர் வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் நின்ற மச்சான் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறு அவருடையது, வருஷம் முழுக்க. இதைவிடச் சுலபமாக எவரும் எதையும் ஜெயித்திருக்க முடியாது.

"அது உன் தம்பி சாக்ஸ்" என்றார்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு காருக்குப் போனார். பின்பெட்டியில் ஒளித்து வைத்திருந்த உடுப்பை எடுத்துவந்து மேசைமேல் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிட்டார். மனைவி அதை விரித்தார். புத்தம் புதுச் சாம்பல் துணியில் மூன்று பச்சை ஒட்டுகள். போன வருஷம் தன் கையால் வெட்டிப் போட்ட ரப்பரை அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஒட்டின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"தானா ஓட்டை விழாது. என்ன பண்ணீங்க?"

பஞ்சர்காரர் வாயைத் திறந்தார். நான் ஒன்றுமே செய்யவில்லை என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து நின்றது. இத்தனை வருஷமாக அதைச் சொன்ன அத்தனை பேர் மேலும் அவருக்கு முதல் தடவையாக இரக்கம் வந்தது.

"சுரண்டினேன்" என்றார்.

"ஓட்டை எங்க இருந்துச்சு?"

"இல்ல."

"ஓட்டை இல்லாத இடத்துக்கு ஒட்டா?"

அவர் தலையசைத்தார். முகத்தில் அசடு வழிந்தது. மனைவிக்கு முதலில் கோபம்தான் வந்தது, உதடு துடித்தது. பிறகு அந்தக் கோபத்தின் நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வந்தது. அதில் எது சிரிப்பு, எது காலையிலிருந்து அடக்கி வைத்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பஞ்சர்காரர் தூண்டில் கம்பை எடுத்துவந்து அவர் முன்னால் சுவரில் சாய்த்தார். சொன்னது சொன்னதுதான், ஈரம் ஈரம்தான், இனி ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றார். குரல் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பைப் பார்த்தார், குட்டைக் கால்சட்டையில் நின்ற புருஷனைப் பார்த்தார். எழுந்துபோய்த் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். சுண்டுவிரல் அளவு பசை, கண்ணாடித் தாள் மாதிரி நாலு துண்டு. குப்பைக் கூடையில் போனது இங்கே எப்படி வந்ததென்று பஞ்சர்காரர் கேட்கவில்லை.

"ஓட்டை எங்கன்னு கண்டுபிடிங்க, அது உங்க தொழில். மூடறது என் தொழில். அப்புறம் அந்த அரம் இங்க வரணும், என் இழுப்பறைக்கு. ஒரு மாசம் ஆறு கிடையாது. இது ஈரத்துக்கில்ல, சுரண்டினதுக்கு."

ஒரு மாதம் என்பது ஒரு வருஷத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று பஞ்சர்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உடுப்பைத் தூக்கிக்கொண்டு போனார். குளியலறையில் உடுப்பின் மேல்பக்கத்தைச் சுருட்டிக் கட்டி, முழுமூச்சாக ஊதினார். இரண்டு கால் மட்டும் உள்ள ஒரு குண்டு மனிதன் உருவானான். மனைவி சோப்புத் தண்ணீர் தடவத் தடவ, ஒட்டின் ஓரம் முழுக்க, அரம் எல்லை தாண்டிய இடங்களில் எல்லாம், பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. பஞ்சர்காரர் ஒவ்வொன்றையும் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். தன் கைவேலையில் மொத்தம் பதினாலு ஓட்டை. எண்ணி முடித்ததும் காது சிவந்துவிட்டது.

உடுப்பைத் துடைத்து, உலர்த்தி, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, நாலு துண்டையும் சின்னச் சின்னதாக நறுக்கி, மனைவி பசை வைக்க ஆரம்பித்தார். பஞ்சர்காரரின் வேலை டார்ச் பிடிப்பது. சும்மா இரு என்று சொல்லாமலே கை சும்மா இருந்தது. மனைவியின் விரல்கள் கண்ணாடித் தாள் துண்டை வைத்து, காற்று அடைபடாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டு போனதை அவர் உன்னிப்பாகப் பார்த்தார். இவ்வளவு மெதுவாகக்கூட ஒட்டலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கை நடுங்கவே இல்லை.

கடைசித் துண்டும் படிந்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் இத்தனை வருஷம் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஏன் அதைக் கேட்டார்கள் என்பது இப்போது புரிந்துவிட்டது.

"இது நிக்குமா?"

மனைவி பசையின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒட்டின இடத்துக்கு நான் பொறுப்பு" என்றார்.

மிச்சம் பஞ்சர்காரருக்கு மனப்பாடம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அது வருவதற்காகக் காத்திருந்தார். மனைவி மூடியைக் கண்டெடுத்து, துடைத்து, இறுகத் திருகினார்.

"பக்கத்துக்கும்தான்" என்றார்.